மேலே சைக்கிள் நிறுத்தக் கூடாது

வந்திருந்தவர்கள்:
பிரின்சிபால், தலைவர்.
திரு. கிருஷ்ணமூர்த்தி, வேதியியல்.
திரு. சிவஞானம், கணிதம்.
திரு. பிஸ்வாஸ், வரலாறு.
திரு. பக்தவத்சலம், ஹெட் கிளார்க்.
திரு. உதயசூரியன், இரவுக் காவலர், கடைநிலை ஊழியர் பிரதிநிதி (ஐந்தாம் பொருள் வரை).

உதயசூரியன் நான்தான். 1972 மே மாதம் நடந்த எங்கள் கல்லூரி ஊழியர் மன்றத்தின், அதாவது ஸ்டாஃப் கவுன்சிலின், கூட்டக் குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது. மன்றத்தில் மொத்தம் பத்துப் பேர். நான்கு பேர் வரவில்லை, ஏனென்றால் அன்று மெட்ராஸ் கப்பல். போர்ட் பிளேயரில் கப்பல் வரும் நாளில் யாருக்கும் வேறு நினைப்பு இருக்காது. கடிதம், வெற்றிலை, வெங்காயம், பெண்டாட்டி, மச்சான் எல்லாம் அதில்தான் வரவேண்டும்.

நான் அதே கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடுவில் நின்றவன். சொல்லும்படியான காரணம் ஒன்றுமில்லை. போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. பிறகு அங்கேயே இரவுக் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். பியூன்கள், பெருக்குகிறவர்கள், தோட்டக்காரர்கள், ஆய்வக உதவியாளர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து மன்றத்தில் ஒரே ஓர் இடம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பினார்கள்.

கல்லூரி ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. கீழ்க் கேட்டிலிருந்து கட்டிடம் வரை இரண்டு பர்லாங் ஏற்றம். மேலே முற்றத்தில் பிரின்சிபாலின் ஜீப், மூன்று ஸ்கூட்டர், மிச்ச இடமெல்லாம் சைக்கிள். மார்ச் மாதம் மெயின்லேண்டிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்களின் கார் அங்கே திரும்ப முடியாமல் பின்னாலேயே இறங்கிப் போனது. அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்களின் வண்டிகள் மட்டும் மேலே நிற்கலாம். மற்ற ஊழியர்களின் சைக்கிள்கள் கீழ்க் கேட்டில் போட்டிருக்கும் தகரக் கொட்டகையில் நிற்க வேண்டும்.

எல்லாரும் முணுமுணுத்துவிட்டு நடந்தார்கள். நடக்க முடியாதவர் ஜம்புலிங்கம் ஒருவர்தான்.

ஜம்புலிங்கம் வேதியியல் ஆய்வக உதவியாளர். ராமநாதபுரத்துக்காரர், நாற்பது வயது. அதற்கு முன் காட்டில் மரம் இழுக்கும் வேலையில் இருந்தபோது ஒரு கட்டை உருண்டு இடது கால் நொறுங்கி, கூடும்போது நாலு விரல் குறைந்து கூடியது. சமதளத்தில் வலது காலால் மிதித்து லம்பா லைனில் இருக்கும் வீட்டிலிருந்து சைக்கிளில் வந்துவிடுவார். மேட்டில் இறங்கி, ஹேண்டில்பாரில் உடம்பைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு ஏறுவார். சைக்கிள் இருந்தால் பதினைந்து நிமிடம். இல்லாவிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். மழை என்றால் பாசியில் வழுக்கும், எவ்வளவு முன்னால் கிளம்பினாலும் நேரம் நிச்சயமில்லை. சுற்றறிக்கை வந்த பிறகு இரண்டு முறை விழுந்திருந்தார்.

எட்டரைக்கு ஆய்வகம் திறக்க வேண்டும். மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு. அவர் ஆறு வருடமாகத் தற்காலிகம். செப்டம்பரில் அவரை நிரந்தரமாக்குவதா, நீக்குவதா என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்வார்கள். நீக்கினால் தீவில் அவருக்கு வேறு வேலை கிடையாது. அந்தக் காலுடன் யார் கூப்பிடுவார்கள்?

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை கீழ்க் கேட்டில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, நாளைக்கு நம்ம மேட்டர் வருதாமே?"

"அஞ்சாவதா இருக்குண்ணே. கிருஷ்ணமூர்த்தி சார் போட்டிருக்காரு. உங்க ஒரு சைக்கிளுக்கு மட்டும் விலக்கு."

"பிரின்சிபால் என்னாங்கறாரு?"

"கவுன்சில் சொன்னா தடைய எடுத்துடறேன்னுட்டாரு."

"அப்ப நீ கைய தூக்கிரு, என்ன. நைட் ட்யூட்டி முடிச்சுட்டு அங்கன போயி தூங்கிப்புடாத."

"தூங்க மாட்டேன்."

"நீ ஸ்கூல்லயே தூங்குனவன்னு உங்கம்மா சொல்லுச்சே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவர் பயம் தெரிந்தது.

அன்றிரவு காவல் அறையில் மன்ற விதிகளை முழுக்கப் படித்தேன். தட்டச்சுப் பிரதி, ஒன்பது பக்கம். மூன்று விதிகள் முக்கியம் என்று குறித்துக்கொண்டேன். ஒன்று, ஆறு பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. இதைக் கோரம் என்பார்கள். இரண்டு, தோற்றுப்போன பொருளை ஒரு வருடத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. மூன்று, கோரம் இல்லாமல் கூட்டம் நின்றால் அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி கூடலாம். அப்போது எத்தனை பேர் இருந்தாலும் போதும். அப்படியும் கூடாவிட்டால் மிச்சப் பொருள்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போகும்.

காலையில் பக்தவத்சலம் வாசலிலேயே ஆரம்பித்தார். "வாய்யா. ராத்திரி ட்யூட்டி பாக்கற ஒரே உதயசூரியன் நீதான்யா."

எண்ணினேன். சரியாக ஆறு பேர்.

முதல் நான்கு பொருள்களில் ஒரு மணி நேரம் போனது. நூலகத்துக்குக் கரையான் மருந்து, தேர்வு மேற்பார்வைப் படி, அப்படி. நடுவில் கப்பல் ஊதியது. எல்லாரும் ஒரு கணம் தலையைத் தூக்கினார்கள். வெளியே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன.

ஐந்தாம் பொருள் வந்தது. கிருஷ்ணமூர்த்தி எழுந்து நிதானமாகச் சொன்னார். ஜம்புலிங்கம் இல்லாமல் தன் ஆய்வகம் நடக்காது, ஒரு சைக்கிளால் முற்றம் நிறைந்துவிடாது.

பிஸ்வாஸ் நாற்காலியில் சாய்ந்தபடி, "அரே பாய், ஏக் லாத்தி லே லோ, பஸ்" என்றார். ஒரு தடி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்று.

"தடி ஒரு பக்கம்தான் தாங்கும் சார். தடியோடதான் ரெண்டு தரம் விழுந்தாரு" என்றேன்.

"ஒருத்தனுக்கு விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தனும் காலை நொண்டிக்கிட்டு வருவான்" என்றார் பக்தவத்சலம். அவருடைய சைக்கிளும் கீழேதான் நின்றது. கிளார்க்குகளுக்கு இல்லாத சலுகை கடைநிலைக்கு எதற்கு என்பது அவர் கணக்கு. அது எனக்கு முன்பே தெரியும்.

சிவஞானம் ஜன்னல் வழியாக முற்றத்தில் நனைகிற தன் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் ஜம்புலிங்கத்தின் சைக்கிள் சரிந்து விழுந்து அந்த ஸ்கூட்டரின் பக்கத் தகட்டில் நீளமாக ஒரு கீறல் விட்டிருந்தது. அன்று அவர் வராந்தாவில் நின்று கத்தியதைக் கல்லூரியே கேட்டது. இப்போது மெதுவாகத் திரும்பி என்னிடம், "அந்த சைக்கிளுக்கு ஸ்டாண்டு ஒழுங்கா நிக்குமா?" என்றார்.

அவர் கீறலை மறக்கவில்லை என்று நினைத்தேன். பிரின்சிபால் சமமாக வந்தால் மட்டும்தான் ஓட்டுப் போடுவார். கிருஷ்ணமூர்த்தியும் நானும் இரண்டு. பிஸ்வாஸ், பக்தவத்சலம், சிவஞானம் மூன்று. தோற்றால் ஒரு வருடம். செப்டம்பருக்கு இன்னும் நான்கு மாதம்தான்.

நான் எழுந்துவிட்டால் ஐந்து பேர். கோரம் போய்விடும். கப்பல் நாளில் அரை மணி நேரம் இந்த அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? எல்லாரும் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஓடுவார்கள். பொருள் அடுத்த மாதத்துக்குப் போகும். அதற்குள் சிவஞானத்தின் காலில் விழுந்தாவது பேசிவிடலாம். அந்த நிமிடத்தில் என்னைவிடப் புத்திசாலி அந்த அறையில் இல்லை என்று நினைத்தேன்.

"சார், எனக்கு ராத்திரி முழுக்க ட்யூட்டி. கிளம்பறேன்."

பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ போனா கோரம் இல்லய்யா."

"தெரியும் சார்."

கிருஷ்ணமூர்த்தி என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை. இறங்கி வந்துவிட்டேன். மழையில் பாதி மேட்டில் நின்று பார்த்தபோது துறைமுகத்துக்கு வெளியே கப்பல் தெரிந்தது. அசையவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

மாலை ட்யூட்டிக்கு வந்தபோது பக்தவத்சலம் டைப் அடித்த குறிப்பை என் முன்னால் போட்டார். ஐந்தாம் பொருள்: மீண்டும் கூடிய கூட்டத்தில் எடுக்கப்பட்டது. ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இரண்டு. தலைவர் எதிராக வாக்களித்தார். நிராகரிக்கப்பட்டது.

"நீங்க யாரும் ஜெட்டிக்குப் போகலையா?"

"எங்கய்யா போறது? காத்து அடிச்சதுல கப்பல் வெளியவே நின்னுபோச்சு. சாயங்காலம்தான் உள்ள விட்டான். மழையில எறங்கவும் முடியல. சாய் குடிச்சுட்டு உக்காந்திருந்தோம். அரை மணி ஆச்சு, மிச்சத்தையும் முடிச்சுட்டோம்."

"ஆதரவு ரெண்டு யாரு?"

"கிருஷ்ணமூர்த்தி ஒண்ணு. இன்னொண்ணு சிவஞானம்."

நான் சிவஞானத்தைத் தேடிப் போனேன். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க எதிரா போடுவீங்கன்னு..."

"யார் சொன்னா உனக்கு?"

"ஸ்டாண்டு பத்திக் கேட்டீங்களே சார்."

"நல்ல ஸ்டாண்டா போட்டுக்கிட்டா என் வண்டி பக்கத்துலயே நிறுத்தட்டும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீ எந்திரிச்சு ஓடிட்ட." வண்டி கிளம்பியது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? மூணுக்கு ரெண்டுன்னு முடிஞ்சிருக்கும். படிக்கறப்பவும் நீ இப்படித்தான். கணக்கைப் பாதியிலேயே போட்டுட்டு விடையை நீயா எழுதிடுவ."

மறுநாள் காலை லம்பா லைனுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். ஜம்புலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார். அவர் மனைவி பொன்னம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"உக்காந்து கைய தூக்குறதுக்குத்தானடா ஒன்னைய அனுப்புனாக. ஒரு குரங்கை அனுப்பியிருந்தாக்கூட உக்காந்திருக்குமேடா."

"விடு பொன்னு" என்றார் ஜம்புலிங்கம்.

"என்னத்த விடச் சொல்றீக?"

பிரின்சிபாலிடம் போனேன். அது இனி தன் சுற்றறிக்கை இல்லை, மன்றத்தின் முடிவு, அதில் தான் கைவைக்க முடியாது என்றார். முதலில் கவுன்சில் சொன்னால் எடுக்கிறேன் என்றவர் அவர்தான். கிருஷ்ணமூர்த்தி அவருக்கு இரண்டு கடிதம் எழுதினார். இரண்டுக்கும் அதே பதில்.

மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். என் ட்யூட்டி காலை ஆறு மணிக்கு முடியும். ஏழரை வரை கீழ்க் கேட்டில் காத்திருந்து அவரைத் தோள்கொடுத்து மேலே கூட்டிப் போவதாகச் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஜூன் மாதம், விடாத மழை. அவர் பாரம் முழுக்க என் கழுத்தில் இருக்கும். வழியெல்லாம் அவர் மூச்சு காதருகே கேட்கும். பதினோரு நாள் போனேன். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிவிட்டு வரலாம் என்று போனவன் தூங்கிவிட்டேன். அன்று அவர் கேட்டில் எனக்காகக் காத்திருந்துவிட்டு, தனியாக ஏறி ஒன்பது மணிக்கு வந்தார். அதற்குப் பிறகு, "நீ தூங்கு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. எனக்குத் தூக்கம் வந்தது என்பதுதான் உண்மை.

ஆகஸ்ட் முடிவில் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தாமதத்துக்கு முப்பத்தொரு சிவப்பு வட்டம். செப்டம்பர் மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. சேவை தேவையில்லை. சாவியை மாத முடிவில் ஒப்படைக்க வேண்டும்.

மேல் முற்றத்தில் ஜீப் தாராளமாகத் திரும்பியது. சைக்கிள்கள் நின்ற இடத்தில் பாசி பிடித்திருந்தது.

கடைசி நாள் கிருஷ்ணமூர்த்தி விடுப்பில் இருந்தார். சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டதற்கு, இரவுக் காவலரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் பக்தவத்சலம். ஐந்து மணிக்கு நான் ஆய்வகத்துக்குப் போனேன். மேசைகளைத் துடைத்து, குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கி வைத்திருந்தார்.

"நாலாவது பர்னர் லேசா கசியுது. புதுசா வர்றவன்ட்ட சொல்லிரு."

"சரிண்ணே."

"ஆசிட் பாட்டிலு கீழ்த்தட்டுலதான் இருக்கணும். மேல தூக்கி வச்சுறப் போறான்."

"சொல்றேன். அண்ணே, ஊருக்கு எப்ப கப்பல்?"

"வர்ற பதினாலு. அடித்தட்டு பங்க் கிளாஸ்."

"ஊர்ல என்ன பண்ணப் போறீங்க?"

அவர் சாவிக் கொத்தை என் கையில் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார்.

"கீழ வரைக்கும் வரட்டுமாண்ணே?"

"வேணாம். நீ ட்யூட்டில இருக்க."

வாசற்படியை ஒவ்வொரு காலாக இறங்கி வராந்தாவுக்குப் போனார். அவர் தூணைப் பிடிக்கும் வரை நின்றேன். பிறகு கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்தேன்.