கடைசித் தோட்டா வளையம்

ஹார்லன் டீக்குக்கு இருந்தது ஒரே ஒரு கர்வம்தான். பழைய கௌபாய் படத்தில் வந்த எந்தத் துப்பாக்கி உறையைக் கொடுத்தாலும் அதேபோல இன்னொன்று செய்துவிடுவான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது அசல் என்று எவனாலும் சொல்ல முடியாது என்பான். அந்த 'எவனாலும்' என்பதில் தானும் அடக்கம் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

டூசான் நகரத்தில் இருந்த அவன் பட்டறையின் மேஜைமேல் இரண்டு பெல்ட்டுகள் கிடந்தன. இரண்டிலும் உறை, இரண்டிலும் பூவேலை செய்த வெள்ளி பக்கிள், இரண்டிலும் இருபத்துநான்கு தோட்டா வளையங்கள். ஒன்றுக்கு வயது அறுபது. மற்றதை அவன் மூன்று மாதமாக உட்கார்ந்து செய்திருந்தான்.

"நெஜமாவே தெரியலையா, இல்ல வெளையாடுறியா?" என்றாள் ஒஃபேலியா. பக்கிள் செதுக்குகிறவள், இருபது வருஷமாக அவனோடு ஒரே பட்டறை.

"வெளையாடுற மூஞ்சியா இது?"

எல்லாம் அவர்களுடைய பாழாய்ப்போன பரீட்சையால் வந்தது. வேலை முடிந்ததும் அசலில் கட்டியிருந்த அடையாளச் சீட்டைக் கழற்றிவிட்டு, ஹார்லன் சுவரைப் பார்த்து நிற்பான். ஒஃபேலியா இரண்டையும் இடம் மாற்றி வைப்பாள். அவன் திரும்பிப் பார்த்து, அசலைக் கண்டுபிடிக்க முடியாமல் முழித்தால் வேலை தேறிவிட்டது என்று அர்த்தம். எது எங்கே என்பது அவள் மனசில் மட்டும் இருக்கும். நேற்று அவள் மாற்றி வைத்த கையோடு போன் அடித்தது. பெல்ட்டுக்குச் சொந்தக்காரர் ஆர்வில் டன் செத்துப்போனார் என்று செய்தி. அவள் போனும் கையுமாக நிற்க, வெளியே புழுதிப்புயல் கிளம்ப, திறந்திருந்த ஜன்னலோரம் இருந்த இரண்டையும் ஹார்லன் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். அவ்வளவுதான், எது எதுவென்று அவளுக்கும் தெரியாமல் போயிற்று.

ஆர்வில் அந்தக் காலத்து டூப். கூரையிலிருந்து விழுந்தது அவர், குதிரையோடு சேர்ந்து உருண்டது அவர், கண்மூடித் திறப்பதற்குள் துப்பாக்கி உருவும் கைகூட அவருடையதுதான். முகமும் பேரும் மட்டும் வேறு ஆளுடையவை. என்னை இந்த பெல்ட்டோடுதான் புதைக்க வேண்டும் என்று மகள் வெர்னாவிடம் சொல்லி வைத்திருந்தார். வீட்டுச் சுவரில் மாட்ட அவள் நகல் கேட்டிருந்தாள். இன்று நாலு மணிக்கு அடக்கம். பன்னிரண்டு மணிக்கு அவள் வருவாள். இப்போது மணி பதினொன்றே முக்கால்.

"நூலைப் பாரேன்," என்றாள் ஒஃபேலியா.

"அதே காலத்து நூலைத் தேடிப் பிடிச்சுல்ல தெச்சேன். நீ பக்கிளை உரசிப் பாரு."

"பழைய வெள்ளிக்காசை உருக்கி ஊத்துன்னு என் உயிரை எடுத்தது யாரு? ரெண்டும் ஒரே வெள்ளி. தையலைப் பிரிச்சு உறைக்குள்ள வெச்ச தகட்டைப் பாத்துடுவோமா? பழசுன்னா துருப்பிடிச்சிருக்கும்."

"பிரிச்சது அசலா இருந்து தொலைச்சா? கிழிஞ்ச பெல்ட்டையா அவர் இடுப்புல கட்டி அனுப்புறது?"

"உன் முத்திரையையாவது முன்னாடியே குத்தித் தொலைச்சிருக்கலாம்."

"குத்திட்டா அப்புறம் பரீட்சை என்னடி பரீட்சை?"

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. ஹார்லன் குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது ஒண்ணைக் காட்டி இதுதான்னு சொல்லிடுறேன். மண்ணுக்குள்ள போனப்புறம் யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

"சொல்லிக்கோ. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத."

வெர்னா கறுப்பு உடையில் உள்ளே வந்தாள். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கண் சிவந்திருந்தது.

"எது அப்பாவோடது?"

ஹார்லனின் கை தானாக இடதுபக்க பெல்ட்டை நோக்கிப் போனது. 'இதுதான்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள், குழந்தையை வாங்கப்போகிறவள் மாதிரி. அவனால் முடியவில்லை.

"மிஸ் வெர்னா, எனக்குத் தெரியல. ரெண்டும் கலந்துபோச்சு. தப்பு என்னுதுதான்."

நீட்டிய கைகளை வெர்னா இறக்கிக்கொண்டாள்.

"வாழ்நாள் பூரா எங்கப்பாவை இன்னொருத்தர்னு காட்டினாங்க," என்றாள். "கடைசியில அவர் பெல்ட்டுன்னு இன்னொண்ணைக் கட்டி அனுப்பச் சொல்றீங்களா?"

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஹார்லனுக்கு. அவள் ஒரு பெல்ட்டை எடுத்து வளையம் வளையமாகத் தடவிக்கொண்டே போனாள். கடைசி வளையத்தில் விரல் நின்றது. உடனே மற்றதையும் இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளையா இருக்கே. இது எப்படி?"

"அசல்ல இருந்துது. ஏதோ பாலிஷ் பொடின்னு நெனச்சேன். அதையும் விடக்கூடாதுன்னு நகல்ல சாக்பீஸைத் தேய்ச்சு வெச்சேன்."

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விரல் நுனியை எச்சிலில் நனைத்து, ஒரு பெல்ட்டின் கடைசி வளையத்துக்குள் விட்டு எடுத்து, நாக்கில் வைத்தாள்.

"சாக்பீஸ்."

கையைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றில் விட்டாள். வெர்னாவின் முகம் கசப்பில் கோணிற்று, அப்படியே அழுகையானது.

"ஆஸ்பிரின்," என்றாள். "ஒவ்வொரு தடவ விழுந்ததும் கேமராவுக்கு முதுகைக் காட்டிட்டு இதுலேருந்து ஒண்ணை உருவி மென்னுக்குவார். தண்ணிகூடக் கிடையாது. அப்புறம் மறுபடியும் ஏறி மறுபடியும் விழுவார். உங்ககிட்ட பெல்ட்டைக் குடுக்கிற வரைக்கும் மாத்திரை இதுக்குள்ளதான் இருந்துச்சு."

அந்தக் காட்சிகளை எல்லாம் ஹார்லன் நிறுத்தி நிறுத்தி நூறு தடவையாவது பார்த்திருக்கிறான். பார்த்ததெல்லாம் பெல்ட்டைத்தான். விழுகிற மனுஷனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முத்திரையையும் சுத்தியலையும் எடுத்தான். வழக்கமாக உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில்தான் குத்துவான். இன்று சாக்பீஸ் பெல்ட்டின் முன்பக்கம், பக்கிளுக்குப் பக்கத்தில், ஆழமாகக் குத்தினான்.

"ஆஸ்பிரின் இருக்கா?" என்று கேட்டாள் வெர்னா.

ஒஃபேலியா இழுப்பறையைத் திறந்தாள். "தலை வலிக்குதா?"

"எனக்கில்ல."

ஒரு மாத்திரையை வாங்கி அப்பாவின் கடைசி வளையத்துக்குள் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"போற இடத்துலயும் எவனாவது அவரை விழச் சொல்லுவான்," என்றாள்.