வேலு இறங்கிய வழி

பலகை மூன்றாம் மாடிக்குக் கீழே முதல் திருப்பத்திலேயே மறுபடி இடித்து நின்றது. வேலுவின் கால்மாடு சுவரில் முட்டியது. தலைமாட்டைப் பிடித்திருந்த தனபால் ஒரு படி ஏறிப் பார்த்தார், ஒரு படி இறங்கிப் பார்த்தார். ஆறடி உடம்பு. விடியற்காலையில் உயிர் போய், மதியத்துக்குள் விறைத்துவிட்டது.

"நிக்க வெச்சிதான் திருப்பணும். பீரோ எறக்கறாப்ல" என்றார் தனபால்.

"எங்க நைனா பீரோ இல்ல மாமா" என்றாள் மகள் கன்னியம்மா. "படுத்தவரு படுத்தாப்லதான் போவணும்."

தனபாலுக்கு முகம் சுருங்கிவிட்டது. தி. நகரில் இருபது வருஷம் அவரும் வேலுவும் சேர்ந்து மரச்சாமான் சுமந்தவர்கள். எந்தப் படியில் எந்தக் கட்டில் திரும்பும் என்பதை வேலு கையை விரித்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.

அதனால்தான் அன்றைக்கும் கேட்டார். மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் குடிசைகளை எடுத்துவிட்டு மாடி வீடு கட்டித் தருவதாக அதிகாரிகள் வந்து மைக்கில் பேசியபோது, கூட்டமே கைதட்டியது. வேலு மட்டும் எழுந்தார். "படி எம்மாம் அகலம் சார்? மூணடியா? அப்போ சாவு வுழுந்தா எப்டி எறக்கறது?"

மேடையில் சிரித்தார்கள். "நல்ல காரியத்துல இதையா பேசறது பெரியவரே? எல்லாம் யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கு."

கூட்டமும் சிரித்தது. கன்னியம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவள் நெஞ்சை அறுத்தது.

வேலு விடவில்லை, மூன்று மனு போட்டார். "வூடு வாணாம்னு எவன் சொன்னான்? மய பேஞ்சா ஒயுவாத வூடு ஓணும்தான். ஆனா அதுல பொயக்கறவன் சாவவும் செய்வான்ல?" பரிசீலனையில் உள்ளது என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார்.

கீழே சாவு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் ஜனம், ஆளுக்கொரு யோசனை.

"நாற்காலில குந்த வெச்சி எறக்குப்பா!"

"சொவத்த இடிங்கடா!"

"கேஸ் போட்ருவான்!"

"போடட்டுமே! கேட்டப்ப பதிலு சொன்னானா?"

பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ வராந்தாக் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலியால் ஆறு மாதமாகக் கீழே இறங்காதவர்.

கன்னியம்மாவுக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. மாடவீதியில் ஒரு வக்கீல் வீட்டு ஊஞ்சல் பலகை படியில் திரும்பாமல் போனபோது நைனா அதை வெளிப்பக்கமாக இறக்கியிருக்கிறார்.

"மாமா, கயிறு!" என்று கத்தினாள். "நைனாவோட கயிறு கட்லாண்ட கீது!"

தனபாலின் கண் விரிந்தது. அடுத்த நிமிஷம் பலகை மூன்றாம் மாடி வராந்தாவுக்குத் திரும்பிவிட்டது. வேலுவை வேட்டியால் பலகையோடு சேர்த்துக் கட்டினார்கள். நாலு மூலையிலும் கயிறு, கம்பியில் இரண்டு சுற்று, எட்டுப் பேர் பிடி. பலகையைக் கம்பிக்கு வெளியே தூக்கி விட்டார்கள். கன்னியம்மா தடதடவென்று கீழே ஓடினாள். மேளம் நின்றது. கீழிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

"தலப்பக்கம் வுடு... நிறுத்து. கால்பக்கம் வுடு... மெல்ல. ரெண்டும் வுடு."

நைனாவின் சொற்கள், நைனாவின் அதட்டல். பலகை ஒரு விரல்கூடச் சாயாமல் இறங்கியது. இரண்டாம் மாடிப் பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முதல் மாடியிலிருந்து யாரோ பூவை வீசினார்கள். பலகை பாடையில் உட்கார்ந்ததும் மேளமும் விசிலும் ஒரே நேரத்தில் வெடித்தன.

"படுத்தாப்லயே வந்துட்டாருடா!"

கன்னியம்மாவுக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "கேட்டியே நைனா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பாடைக்குத் தோள் கொடுக்க மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். தனபால் மட்டும் மேலே நின்று கம்பியிலிருந்து கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"அவுக்காத தனபாலு" என்றார் ஹாஜிரா பீ. "அங்கியே கெடக்கட்டும்."

கன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள். தனபால் முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.