எடுத்த கை

வண்டி பள்ளத்தில் இறங்கியதும் வீரணனின் உடம்பு வில்லாக வளைந்தது. ராமக்காள் அவன் தலையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். மூன்று நாளாகப் பூட்டிய வாய் இன்னும் திறக்கவில்லை.

“மெல்ல ஓட்டுங்க கொழுந்தனாரே!”

“மெல்லப் போனா அண்ணன் உசுரு நிக்குமா மதினி?” முத்திருளன் மாட்டின் வாலை முறுக்கினான்.

காலில் கலப்பைக் கொழு கிழித்த புண்தான். ஆனால் வீட்டில் துவைக்கப் போட்டிருந்த கல்லைக் குறி சொல்ல வந்த கோடாங்கி பார்த்துவிட்டான். அது குள்ளர் வட்டத்துக் கல். நெருப்பு மழைக்குப் பயந்து முழங்கால் உயர மனிதர்கள் மண்ணுக்குள் ஒளிந்த இடமாம்; கலப்பைகூட அதைச் சுற்றித்தான் போகும். எடுத்த கையே கல்லைத் திரும்ப வைத்தால்தான் குள்ளர்கள் விடுவார்கள் என்றான் கோடாங்கி. யார் எடுத்தது என்று ஊர் கேட்டபோது, வீரணன் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

பாவி மனுசன்! எடுத்தது ராமக்காள். தெரிந்தால், புருசனைக் கொல்ல வந்தவள் என்று ஊர் அவளை விரட்டிவிடும். வீட்டில் ஆறு மாதப் பிள்ளை. அவளும் பயந்து பேசாமல் இருந்துவிட்டாள்.

பசுமலை ஆஸ்பத்திரிக்குப் பிரியும் பாதை வந்தது. வண்டி திரும்பவில்லை.

கூட வந்த ஊரார் தூரத்துப் பனைமரங்களோடு நின்றுகொண்டார்கள். இருவருமாக வீரணனை இறக்கிக் குள்ளர் வட்டத்தில், கல்லைப் பெயர்த்த குழியோரம் கிடத்தினார்கள். முத்திருளன் வண்டியிலிருந்து கல்லைத் தூக்கி வந்தான்.

“கொழுந்தனாரே, அவுக எடுக்கல. நான்தான் எடுத்தேன். என் கைதான் வைக்கணும்.”

அவன் திகைத்து நிற்கும்போதே வீரணன் இன்னொரு முறை வளைந்தான். பிறகு தளர்ந்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது.

முத்திருளன் அண்ணனின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இல்லை. ராமக்காளை அடிக்கக் கை ஓங்கினான்.

“இத வீட்லயே சொல்லித் தொலைக்க என்ன கேடு ஒனக்கு? அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

ஓங்கிய கை இறங்கியது. பனைமரப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டார்கள்: “என்னப்பா ஆச்சு?”

“உசுரு இருக்கு!” என்று முத்திருளன் கத்தினான். “வைக்கப் போறாரு!” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அழுதுறாதீக மதினி. அண்ணன் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்.”

ராமக்காள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

முத்திருளன் அண்ணனைத் தோளில் சாய்த்து, துவண்ட கையைக் கல்மேல் எடுத்து வைத்தான். அந்தக் கைக்கும் கல்லுக்கும் நடுவில் ராமக்காள் தன் கையை நுழைத்து, கல்லைக் குழிக்குள் தள்ளினாள்.