போயா நாளில் வந்த சீம்பால்

"குதிரையிட சீம்பாலில என்னென்ன ஈக்கும் எண்டு எப்பயாவது யோசிச்சிருக்கிறியா, புள்ள?"

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்த அர்பா ராத்தா (அக்காவை நாங்கள் ராத்தா என்போம்) முதல் கிழமையே என்னிடம் கேட்டது இது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு யாரும் என்னிடம் அப்படியொரு கேள்வி கேட்டதில்லை. அவர் மிருக வைத்தியம் படிப்பவர். கடைசி வருட ஆய்வுக்காக இரத்மலானைப் பக்கத்தில் ஒரு குதிரை லாயத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். குட்டி வாய் வைக்குமுன் கறக்கும் முதல் பாலில் மக்னீசியம் மிக அதிகமாம். குட்டி குடிக்கக் குடிக்க அது இறங்கிவிடுமாம். ஈன்றதும் ஒரு தரம், அன்று அந்திக்கு ஒரு தரம் பால் எடுத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. அங்கே சினையாக இருந்தது ஒரே ஒரு குதிரை.

அது பௌர்ணமிப் போயா தினத்து விடியலில் ஈன்றது. விடுமுறை என்பதால் ஆய்வுகூடம் பூட்டு. ராத்தா ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த பால் போத்தலை எங்கள் பிரிட்ஜில் வைத்துவிட்டு, கண்விழித்த களைப்பில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார். நான் அப்போது கொட்டாஞ்சேனையில், உம்மாவின் தங்கை சாச்சி வீட்டில்.

பின்னேரம் வந்தபோது வீடு முழுக்க ஏலக்காய் வாசம். உம்மா புத்தளத்துக்காரர். அங்கே மாடு கன்று போட்டால் சீம்பால் அயல் வீடுகளுக்கெல்லாம் போகும். மஞ்சளாய், கெட்டியாய் ஒரு போத்தலைக் கண்டதும், பிள்ளை எங்களுக்குத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, தேங்காய்ப் பாலும் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பமாக அவித்திருந்தார்.

அது குதிரைப் பால் என்று சொன்னேன். உம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"குதிரையா? அது நமக்கு மார்க்கத்தில ஆகுமா?"

"ஆகுமோ என்னமோ. அது ராத்தாட படிப்பும்மா."

ராத்தாவின் கதவைத் தட்டத் தயங்கி நின்றேன். உம்மா பின்னாலிருந்து முதுகைத் தள்ளினார்.

ராத்தா வந்து கிண்ணத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. சூட்டுக்கு மக்னீசியம் எங்கேயும் போகாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். உம்மா பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார்.

"கருப்பட்டியிலயும் மக்னீசியம் ஈக்கி. தேங்காப் பாலிலயும் ஈக்கி." ராத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். "எது குதிரையிட எண்டு இனி ஆராலயும் சொல்லேலா, மாமி."

போத்தலில் கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா என்று கேட்டேன். உம்மா அதைச் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

இன்னொரு தரம் கறக்க முடியாதா என்றார் உம்மா. குட்டி காலையிலிருந்து குடிக்கிறது, இனி அது முதல் பாலாகாது என்றார் ராத்தா.

"அந்திக்கும் பால் எடுக்கோணும் எண்டீங்களே, ராத்தா?" என்றேன்.

"முதல் பால் இல்லாம அது என்னத்துக்கு, புள்ள?"

உம்மா வட்டிலப்பத்தைக் குப்பையில் கொட்டத் தூக்கினார். ராத்தா கையை நீட்டித் தடுத்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார்.

"ஆகும் மாமி, நீங்களும் சாப்பிடுங்க. ஆய்வுகூடத்தில குடுத்திருந்தா எரிச்சுச் சாம்பலாக்கித்தான் பாத்திருப்பாங்க. அதுக்கு இது பரவாயில்ல."

உம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

வெயில் இறங்கத் தொடங்கியது. ராத்தா எழுந்து முகம் கழுவினார். முக்காட்டைச் சரிசெய்தார். கவிழ்த்திருந்த போத்தலை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, லாயத்துக்குப் பஸ் எடுக்க, காலிக்குப் போகும் பெருவீதிப் பக்கம் நடந்து போனார்.