முதல் கூடை

யூஜினாவின் வேலை போனது பொய் சொன்னதால் அல்ல. உண்மையைப் பெருமையாகச் சொன்னதால்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் அவள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து பறிக்கும்போது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து சாவுப்பறை கேட்டால், லயத்துக்குக் கிட்ட உள்ள நிரையில் நிற்பவள் முதலில் கூடையை இறக்கி வைப்பாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறக்குவார்கள். அதோடு மலை காலி. யாரும் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. செத்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவர் என்றும் கேட்பதில்லை. கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போ என்பது அங்கே வேதவாக்கு.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இராமையா செத்த அன்று அந்த முதல் நிரையில் நின்றவள் யூஜினா. கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த, தமிழ் தெரியாத மனேஜருக்கு இந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியப்போகிறது? வேலை நேரத்தில் மலை காலியானால் அவர் கணக்கில் அது வேலைநிறுத்தம். வேலைநிறுத்தம் என்றால் தூண்டிவிட்டவள் ஒருத்தி இருந்தாக வேண்டும். விசாரணை வைத்து, முதலில் கூடையை இறக்கியது யார் என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கந்தப்பன் மூலமாகக் கேட்டார்.

"நான்தாங்க," என்றாள் யூஜினா. செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்த நிறைவோடு தலையை நிமிர்த்திச் சொன்னாள். அடுத்த வாரம் வேலைநீக்கக் கடிதம் வந்தது.

தொழிற்சங்கத்து விஜிதரன்தான் வழக்கை அட்டன் தொழில் நியாய சபைக்குக் கொண்டுபோனார். அங்கே அது தவணை தவணையாக இழுபட்டது. ஒரு தவணைக்குச் சபைத் தலைவர் லீவு, இன்னொன்றுக்குத் தோட்டக் கம்பனி லோயருக்குக் காய்ச்சல். பனி மாதமும் போய் மழையும் பிடித்துக்கொண்டது. யூஜினா அக்கம்பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போனாள், ஒரு தவணையையும் விடாமல் பஸ் ஏறினாள்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கந்தப்பன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது அவள் வீட்டு வாசலுக்குக் கேட்கும். அவள் பெயர் வரவேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போவார். செத்துப்போனவர்களைத்தான் அப்படித் தாண்டுவார்கள். அது அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் பெயர் மறுபடியும் அங்கே கூப்பிடப்பட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

கம்பனியோ, நட்டஈடு தருகிறோம், விலகிக்கொள் என்றது. புருஷன் மைக்கலின் மனசு ஆடிப்போனது.

"வாங்கிக்குவோம் யூஜினா. கூரையாவது மாத்தலாம்."

"மாத்தலாம். அந்தக் கூரைக்குக் கீழ நாளைக்கு நீங்க செத்துக் கெடந்தா எவ கூடைய எறக்குவா? வேல போயிருமேன்னு பறிச்சிக்கிட்டே நிப்பாளுக."

மைக்கல் கொஞ்ச நேரம் தன் சாவை யோசித்துப் பார்த்தான். அவ்வளவு நன்றாக இல்லை.

"என்னைய ஏன்டி இதுல இழுக்குற? நீ புடிச்ச மொசலுக்கு மூணு காலு," என்று முனகினான். ஆனால் அதற்குப் பிறகு கூரைப் பேச்சை எடுக்கவில்லை. தவணை நாட்களில் அவனே எழும்பிச் சோறு கட்டிக் கொடுத்தான்.

கந்தப்பன் சாட்சி சொல்ல வந்த நாளில் கம்பனி லோயர் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார். வேலையைத் திருப்பித் தருகிறோம், இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்றார். விஜிதரனுக்கே ஆசை வந்துவிட்டது.

"அக்கா, நீங்க கேட்ட வேலையே கெடைக்குது. போட்டுட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்."

"செய்யமாட்டேன்னு எப்புடி தம்பி எழுதுறது? செய்வேனே."

விஜிதரன் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

கந்தப்பன் கூண்டில் ஏறினார். அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளைகுட்டிக்காரர், பாவம், மனேஜருக்குப் பயந்தவர். யூஜினா இருந்த பக்கம் திரும்பாமல் சொன்னார்: "போகாதீங்கன்னு சொன்னேன். அவங்க கேக்கல. மத்தவங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

பச்சைப் பொய். அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை.

விஜிதரன் எழுந்தார். "உங்க அம்மா எப்பங்க தவறுனாங்க?"

"போன வருஷத்துக்கு முந்துன வருஷம்."

"எந்நேரம்?"

"காலையில. கொழுந்து நேரம்."

"அன்னைக்கு மலையில யாரு வேல பாத்தா?"

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல ஒன்றும் இல்லாமல் காத்திருந்தார். சபைத் தலைவர் நடுத்தர வயது அம்மா, எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கந்தப்பனின் தாயைக் குளிப்பாட்டியவர்களில் யூஜினாவும் ஒருத்தி. மலையிலிருந்து பெண்கள் இறங்கி வருவதைக் கண்டதும் இந்த மனிதர் வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோபத்தோடு இரக்கமும் வந்து தொலைத்தது.

"யாரும் பாக்கல," என்றார் கந்தப்பன் கடைசியில். பிறகு, கேட்காமலே சொன்னார்: "எல்லாரும் வந்தாங்க. யூஜினாவும் வந்தாங்க. ஏன் வந்தீங்கன்னு நான் கேக்கல."

"இராமையா செத்தப்ப மட்டும் போகாதீங்கன்னு சொன்னீங்களா?"

"நெனவில்லைங்க," என்றார். கூண்டைவிட்டு இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

தீர்ப்பு வந்தது. காலங்காலமாக விட்டுவைத்த ஒரு வழக்கத்தை முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் குற்றமாக்க முடியாது, இவரை மறுபடியும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்றார் சபைத் தலைவர். ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதும் சரியல்ல என்று, வேலையில்லாமல் இருந்த நாட்களுக்கான பின்சம்பளத்தில் பாதியை வெட்டிவிட்டார். விஜிதரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தம்மா சொல்றது ஞாயந்தான தம்பி," என்றாள் யூஜினா. "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

பெரட்டுக் களத்தில் கந்தப்பன் அவள் பெயரைக் கூப்பிட்ட காலையில் "இருக்கேங்க" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தலை நிமிரவில்லை.

தோட்டத்துத் திருவிழா முடிந்த பிறகு ஒரு நாள் மறுபடியும் பறை கேட்டது. இந்த முறை முதல் நிரையில் நின்றவள் ஜெயந்தினி, புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். கூடையை இறக்கவில்லை. கொழுந்தும் பறிக்கவில்லை. கை அப்படியே நின்றுபோய் யூஜினாவைப் பார்த்தாள். மலை முழுக்க யூஜினாவைத்தான் பார்த்தது. வழக்கில் ஜெயித்தாலும் பயம் ஜெயித்துவிட்டது போலிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நடு நிரையில் நின்றபடியே தலைக்கயிற்றை எடுத்துக் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு ஜெயந்தினி இறக்கினாள். பிறகு எல்லோரும்.

யூஜினா நேரே கந்தப்பனிடம் போனாள். "ஐயா, சாவு விழுந்திருக்கு. நாங்க போறோம். சொல்லாம போனாங்கன்னு இருக்கக்கூடாது."

அவர் பதில் சொல்வதற்குள் கையில் இருந்த போன் அடித்தது. மனேஜர் பங்களாவிலிருந்து மலை நன்றாகத் தெரியும். யார் இவர்களைப் போகச் சொன்னது என்று சிங்களத்தில் அவர் போட்ட சத்தம் யூஜினாவுக்கே கேட்டது.

கந்தப்பன் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். அவரும் சிங்களத்தில்தான் சொன்னார், தலையை நிமிர்த்தி.

"நான்தாங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பெண்களுக்குப் பின்னால் அவரும் மலையிறங்கினார்.