மின்கட்டணக் கூட்டத்தில் வெர்னா பேசியது

1.

இந்தக் கதை இரக்கத்தில் பிறக்கவில்லை, எரிச்சலில் பிறந்தது. காசு போட்டுத் துவைக்கும் கடைக்கு என் அழுக்குமூட்டையோடு போனேன். கதவில் ஓர் அட்டை தொங்கியது: ‘கரண்ட் விலை ஏறினால் கடை மூடப்படும். துணியை மறந்துவிட்டுப் போகிறவர்கள் அதற்குள் எடுத்துக்கொள்ளவும்.’ எழுதியவள் கடைக்காரி வெர்னா குசேரா. சொந்தமாக ஒரு சலவை இயந்திரம் வாங்கச் சோம்பல்பட்டதால்தான் எனக்குச் சமூகப் பொறுப்பு வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘நெப்ராஸ்காவின் மக்காச்சோள வயல்கள்மேல் மின்கம்பிகள் வீணை நரம்புகளாய்…’ (வேண்டாம். அமெரிக்காவின் இந்த மூலையில் வீணையை யார் பார்த்தார்கள்?)

இரண்டாம் தொடக்கம்: ‘நகராட்சியின் மின்நிதியிலிருந்து பொதுநிதிக்கு மாற்றப்படும் தொகையானது—’ இதற்குள் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள். நகரமன்றமும் அதைத்தான் நம்பியிருக்கிறது.

2.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் ஊரில் மின்சாரத்துக்கு ஊரே முதலாளி. விலையை ஐந்து மன்ற உறுப்பினர்கள் கைதூக்கி வைப்பார்கள். இந்த வருடம் நீச்சல்குளத்துக்குச் சறுக்குமரம் வேண்டும். சொத்துவரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மின்கட்டணத்தை ஏற்றி, மிச்சத்தைப் பொதுநிதிக்குத் தள்ளினால்? ஜனங்கள் பில்லைப் பார்த்துவிட்டுக் குளிர்காலத்தைத் திட்டுவார்கள்.

ஊரிலேயே அதிகம் மின்சாரம் குடிப்பது இறைச்சி ஆலை. அதற்கு யூனிட் விலை குறைவு, மொத்தமாக வாங்குகிறார்களாம். அங்கே மாடறுப்பவர்களின் மேலங்கிகளைத் துவைத்து உலர்த்தும் வெர்னாவுக்கு விலை அதிகம்.

(வாசகர்களில் மன்ற உறுப்பினர் யாராவது இருந்தால், ‘இது சிக்கலான விஷயம்’ என்று ஒருமுறை பெருமூச்சு விட்டுக்கொள்ளவும். பழக்கம் விட்டுப்போகக் கூடாது.)

3.

வெர்னாவை நான் முதலில் வீராங்கனையாக எழுதினேன். பொய். சிடுசிடுப்புக்காரி. ஒற்றைக் காலுறையை விட்டுவிட்டுப் போனால் குப்பையில் எறிவாள். ஆனால் புது விலைக்கு வாக்கெடுக்கும் அந்த அந்திக் கூட்டத்தில் மைக் முன் நின்றபோது விரலைப் பிசையத் தொடங்கினாள். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். உறுப்பினர்கள் பதில் சொல்லத் தேவையில்லை, சொல்வதுமில்லை. அவர்கள் முன்னால் ஆப்ரிகாட் பழம் வைத்த இனிப்பு ரொட்டி, தட்டு நிறைய இருந்தது.

“டுவேன், உன் கல்யாணத்து மேசைவிரிப்ப நான்தான் துவைச்சேன்.”

“மேயர்னு கூப்பிடணும், வெர்னா.”

“சரி, மேயர். கறை போகல. நீ காசும் குடுக்கல.”

கூடம் சிரித்தது. அதோடு அவளுக்குப் பேச்சு தீர்ந்தது. மிச்ச நேரம் முழுக்க விரலைப் பிசைந்துகொண்டு நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“நேரம் முடிஞ்சுது, உட்காருங்க. அடுத்து யாரு?”

அடுத்தவள் மாரிபெல் ஒச்சோவா. ஆலையில் எலும்பு நீக்கும் பிரிவு. “என் மூணு நிமிஷத்த அக்காவுக்கே குடுத்துடறேன்.”

மேயர் சட்ட ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் ரொட்டியைப் பார்த்தார். ஒருவர் தன் நேரத்தை இன்னொருவருக்குத் தரலாம் என்பது மன்றமே போட்ட விதி. ஆலையின் வக்கீல் சலுகை விலைக்காகச் சாவகாசமாகப் பேச வேண்டும் என்று போட்டது. எடுக்க மறந்துவிட்டார்கள்.

அப்புறம் ரப்பர் பூட்ஸோடு ஆலைத் தொழிலாளர்களின் வரிசை நீண்டது. எல்லோரும் தங்கள் மூன்று நிமிடத்தைக் கொடுத்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஒன்பது மணிக்குக் கூட்டம் முடிய வேண்டும். நீட்ட ஐவரும் சம்மதிக்க வேண்டும். “நான் சம்மதிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றார் உறுப்பினர் ஜாய்ஸ் பெட்நார். அன்றைக்கு வாக்கெடுப்பு நடக்காவிட்டால் பழைய விலையே இன்னொரு வருடத்துக்கு. கடையும் இன்னொரு வருடத்துக்கு.

4.

பேச்சே வராதவள் அவ்வளவு நேரம் என்ன பேசினாள்? ‘அவள் குரலில் உழைக்கும் மக்களின் கோபம்—’ (அடித்துவிட்டேன். வாசித்தால் என் துணியை வெளியே வீசுவாள்.)

உண்மையில் அவள் துணி துவைப்பது எப்படி என்று சொன்னாள்.

“ரத்தத்துக்குப் பச்சத்தண்ணிதான். சுடுதண்ணி ஊத்தினீங்க, கறை அங்கயே குடும்பம் நடத்தும்.”

“இதுக்கும் மின்கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்?”

“பொறுங்க மேயர். காயப்போடற கட்டத்துக்கு நான் இன்னும் வரல.”

“வெர்னா, நீ வேணும்னே பண்ற!”

“பாருங்க, இப்பதான் மனுஷனாட்டம் பேசறாரு.”

உப்பு, சோப்பு, காலர் மடிப்பு. யார் மேலங்கி, எந்தப் பை கிழிந்தது, யார் பிரசவத்துக்கு முந்தின நாள்வரை வேலைக்குப் போனாள். சொல்லச்சொல்ல விரல் பிசைவது நின்றது. ஐவரில் ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார். (இதைத் திருப்புமுனை என்று நம்ப வேண்டாம். விக்கல்.)

5.

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் கடிகாரம் ஜெயிக்கிறது. மன்றம் மறுநாளே நேரம் தரும் விதியை எடுத்துவிடுகிறது. மற்றதில் கைகள் உயர்கின்றன, பிள்ளைகள் சறுக்குகிறார்கள், மாரிபெல் இரத்தக்கறை அங்கியைக் குளியல்தொட்டியில் அலசுகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். மேயருக்கு இரண்டுமே பொருந்துகின்றன. அதனால் இரண்டையும் கிழித்தேன்.

ஒன்பதுக்கு மூன்று நிமிடம். கொடுத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. என்னுடையதையும் கொடுத்துவிட்டேன். வெர்னாவின் குரல் கட்டிவிட்டது. மைக்கை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறாள்.

“வேற யாராச்சும் இருக்கீங்களா?” என்கிறார் மேயர், சுத்தியலைத் தூக்கியபடி.

பின்வரிசையில், இவ்வளவு நேரமும் சும்மா பார்த்துக்கொண்டிருந்த உங்களை, பேசுபவர்களின் பெயரைக் குறிக்கும் மன்ற எழுத்தர் கவனித்துவிட்டார். பேனாவைத் திறந்து உங்கள் பெயரைக் கேட்கிறார். அதை மட்டும் நான் எழுத முடியாது.