சின்னராசு இன்னும் விழவில்லை

மலைமேல் தேவனூர் நாட்டில் மாதம்மாளின் புருஷன் சின்னராசு 1919ஆம் ஆண்டு கார்த்திகையில் ஒரு இருட்டுக்குள் விழத் தொடங்கினான். 1937 வரை விழுந்து முடிக்கவில்லை. இருட்டு உரல் அளவுதான் இருக்கும். சாமைக் காட்டின் மேற்கு மூலையில் தரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அதன்மேல் பட்ட வெயில் திரும்பி வராது. ஊரார் அதைச் சுற்றிக் கல் நட்டுவிட்டு ஒதுங்கியே உழுதார்கள். கல்லுக்கு அப்பால் சிந்தி முளைத்த கதிரும் நன்றாக முற்றியிருக்கிறதே என்று சின்னராசு ஆசைப்பட்டுக் கால் வைத்தான். மாதம்மாள் கூப்பிட்டதும் கையை நீட்டியபடியே பாதி திரும்பினான். அப்படியே நின்றுவிட்டான். பதினெட்டு வருஷத்தில் மீசையில் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. ஆள் மட்டும் வர வரச் சிவந்து மங்கினான்.

அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் பிறந்த சுப்பண்ணன் சீமையில் பௌதிகம் படித்தவர். பெரிய நட்சத்திரம் எரிந்து தீர்ந்தால் தன் பாரத்திலேயே சுருங்கி, வெளிச்சமும் தப்பமுடியாத இருட்டாகிவிடும் என்று பன்னிரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஒளி பொடிப்பொடியாகத்தான் வரும் என்கிற புது குவாண்டம் கணக்கையும் அதில் சேர்த்தார். அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் உண்டா என்று அங்கே பண்டிதர் சபையில் சிரித்தார்கள். முகம் தொங்கிப்போய் ஊர் திரும்பியவருக்குச் சந்தையில் மிளகு விற்க வந்தவர்கள் சின்னராசுவைப் பற்றிச் சொன்னார்கள். இதற்கா கப்பலேறினேன் என்று தலையில் அடித்துக்கொண்டு மலையேறினார்.

எட்டு மாதம் கல்லுக்கு வெளியே உட்கார்ந்து, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் பட்டைக்கண்ணாடியால் அந்தச் சிவப்பை அளந்தார். கணக்கு எள்ளளவும் பிசகவில்லை. அவர் குழந்தை மாதிரி அழுதார். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கு வேறு கவலை இருந்தது. கருப்பண்ணன் மாதம்மாளைப் பெண் கேட்டிருந்தான். அவளுக்கும் மனசு உண்டு. மறுகல்யாணத்துக்கு அங்கே தடையில்லை. ஆனால் பழைய தாலியைத் திருப்பித் தந்தாக வேண்டும்: கட்டியவன் செத்திருந்தால் சுடுகாட்டில் போடலாம், இருந்தால் அவன் கையில் கொடுக்க வேண்டும். சின்னராசு எந்தக் கணக்கு என்று தெரியாமல் ஊர்க்கவுண்டர் மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தார். படித்தவர் வந்திருக்கிறார், அவரே சொல்லட்டும் என்றார்.

சீமைச் சபையில் வியர்த்ததைவிட அன்று சுப்பண்ணனுக்கு அதிகம் வியர்த்தது. நம் கண்ணுக்கு அவன் எப்போதும் விழுந்து முடிக்க மாட்டான், அவனுக்கோ கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இரண்டும் நிஜம் என்றார். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் கவுண்டர். சுப்பண்ணன் இரண்டும் நிஜம் என்றே மறுபடி சொன்னார்.

தினமும் கல்லோரம் வந்து புருஷனோடு பேசிவிட்டுப் போகிற மாதம்மாள் தன் கேள்வியைக் கேட்டாள்.

“நான் பேசுனதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்குங்களா, சாமி?”

அவர் இரண்டு நாள் கணக்குப் போட்டார்.

“மொதல்ல கூப்பிட்டது மட்டும் போயிருக்குது, அம்மிணி. பொறகு பேசுனது எதுவும் போய்ச் சேராதுங்க. அவருக்கு இன்னும் ஒரு நொடிகூட ஆகலீங்க.”

“அப்ப அவரு எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கலீங்க.”

“இல்லீங்க.”

காத்திருக்கிறவனை விட்டுப் போகக்கூடாது என்றே அவள் இத்தனை காலம் மனசை அடக்கி வைத்திருந்தாள். அன்று வாய்விட்டு அழுதாள். அழுகையில் பாதி கோபம்.

தை மாதம் ஊர் கூடியது. மாதம்மாள் தாலியைக் கழற்றி, சின்னராசு நீட்டியிருந்த கையைப் பார்த்து எறிந்தாள். கல்லைத் தாண்டியதும் அதன் வேகம் குறைந்தது. உள்ளங்கைக்கு நாலு விரற்கடை இருக்கும்போது அந்தரத்தில் நின்றது. சேர்ந்ததா இல்லையா என்று எல்லோரும் சுப்பண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்குப் போடாமல் பதில் சொன்னார்.

“அம்மிணி கைய உட்டுப் போயிருச்சுங்க.”

கவுண்டர் அதைப் பிடித்துக்கொண்டு, கொடுத்தது கொடுத்ததுதான் என்று தீர்த்தார். கருப்பண்ணன் மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.